வீடியோ எடிட்டிங் மென்பொருள்களின் ஸ்கிரிப்டிங் ஆவணங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடிட்டிங் நன்றாகத் தெரிந்து, பைத்தானோ ஜாவாஸ்கிரிப்டோ ஓரளவு எழுதவும் தெரிந்து, ஆனால் தாம் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருளை ஸ்கிரிப்ட் வழியாக இயக்குவதற்கான ஆவணம் எங்கே இருக்கிறது என்று தேடிச் சலித்தவர்களுக்காக இந்தப் பக்கம். டாவின்சி ரிசால்வைப் பற்றியே பெரும்பகுதி பேசுகிறது. கேள்விகளும் அதைப் பற்றித்தான் அதிகம் வருகின்றன. கட்டளைகளின் பெயர்கள் இங்கே தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. ஸ்கிரிப்டில் எழுதும்போது மூல ஆவணத்தில் உள்ள எழுத்துக்கூட்டலை, பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு உட்பட, அப்படியே பின்பற்ற வேண்டும்.

டாவின்சி ரிசால்வின் ஸ்கிரிப்டிங் ஆவணம் இணையத்தில் எங்கே கிடைக்கும்?

இணையத்தில் தேடுவதை விட்டுவிட்டு உங்கள் கணினியிலேயே தேடுங்கள். ரிசால்வை நிறுவும்போதே அதன் ஸ்கிரிப்டிங் ஆவணமும் சேர்ந்து நிறுவப்பட்டுவிடுகிறது. மென்பொருளைத் திறந்து ஹெல்ப் மெனுவில் டாக்குமென்டேஷன், அதற்குள் டெவலப்பர் என்பதைச் சொடுக்கினால் ஒரு கோப்புறை திறக்கும். அதனுள் இருக்கும் ஸ்கிரிப்டிங் என்ற உள்கோப்புறையில் ரீட்மீ என்ற பெயரில் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு உள்ளது. பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் வெளியிடும் முதன்மை ஆவணம் அதுதான். மெனு வழியாகப் போக முடியாவிட்டால், விண்டோஸில் சி டிரைவின் புரோகிராம்டேட்டா கோப்புறைக்குள் பிளாக்மேஜிக் டிசைன், டாவின்சி ரிசால்வ், சப்போர்ட், டெவலப்பர் என்ற வரிசையில் இறங்க வேண்டும். புரோகிராம்டேட்டா மறைக்கப்பட்ட கோப்புறை என்பதால் பலருடைய கண்ணில் படுவதில்லை. மேக்கில் கணினியின் பொது லைப்ரரிக்குள் அப்ளிகேஷன் சப்போர்ட் கோப்புறையிலும், லினக்ஸில் ஆப்ட் கோப்புறையின் ரிசால்வ் பகுதியிலும் இதே டெவலப்பர் கோப்புறை இருக்கிறது.

ஏறத்தாழ 4000 பக்கம் உள்ள பயனர் கையேட்டில் இதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். எடிட்டரும் கலரிஸ்டும் படிப்பதற்காக எழுதப்பட்ட நூல் அது. ஸ்கிரிப்ட் கட்டளைகளின் பட்டியல் அதில் இல்லை.

ரீட்மீயை அழகாக வடிவமைத்து இணையப் பக்கமாகப் போட்டிருக்கும் தனிநபர்களின் நகல்கள் சில உண்டு. தேடிப் படிக்க அவை வசதியானவை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவை எந்தப் பதிப்பின் ரீட்மீயிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதைப் பாருங்கள். மூலக் கோப்பின் தொடக்கத்திலேயே கடைசியாகத் திருத்தப்பட்ட தேதி இருக்கும். உங்கள் கணினியில் உள்ள தேதியும் அந்தத் தேதியும் வேறாக இருந்தால், உங்கள் கணினியில் உள்ளதையே நம்புங்கள்.

அந்தக் கோப்புறையில் எதை முதலில் படிக்க வேண்டும்?

ரீட்மீயோடு எக்ஸாம்பிள்ஸ், மாட்யூல்ஸ் என இரண்டு உள்கோப்புறைகள் உள்ளன. முதலாவதில் பைத்தானிலும் லுவாவிலும் எழுதப்பட்ட சிறு மாதிரிகள் இருக்கின்றன. ரெண்டர் வரிசையில் வேலையைச் சேர்ப்பது, டைம்லைனை உருவாக்குவது போன்றவற்றை அந்த மாதிரிகளில் முழு ஸ்கிரிப்டாகப் பார்க்கலாம். ரீட்மீயின் நடுப்பகுதி வெறும் பட்டியல்தான் என்பதால், ஒரு மாதிரியைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படித்தால்தான் அது புரியும்.

பட்டியல் எந்த ஒழுங்கில் அமைந்திருக்கிறது என்பது பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. ரிசால்வ் என்ற பொருளிலிருந்து (நிரல்மொழியில் ஆப்ஜெக்ட்) புராஜெக்ட் மேனேஜர், அதிலிருந்து நடப்புப் புராஜெக்ட், அதிலிருந்து ஒரு பக்கம் மீடியா பூலும் மறுபக்கம் டைம்லைனும், டைம்லைனிலிருந்து அதில் கிடக்கும் ஒவ்வொரு கிளிப்பும் என்று படிப்படியாக இறங்கி வர வேண்டும். ஒரே கிளிப் மீடியா பூலில் இருக்கும்போது ஒரு வகைப் பொருள், டைம்லைனில் இருக்கும்போது வேறொரு வகைப் பொருள். ஒன்றுக்கு உரிய கட்டளையை மற்றொன்றில் கொடுப்பது புதியவர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும் பிழை.

ரீட்மீயில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு வரிதான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு எப்படி எழுதுவது?

ஒன்றை எடுத்துப் பார்ப்போம். டைம்லைனில் மார்க்கர் வைக்கும் ‘ஆட்மார்க்கர்’ என்ற கட்டளைக்கு எதிரே, அடைப்புக்குறிக்குள் ஃபிரேம் எண், நிறம், பெயர், குறிப்பு, நீளம், தனித்தரவு என்று ஆறு உள்ளீடுகளும், அம்புக்குறிக்குப் பிறகு, உண்மை அல்லது பொய் என்ற விடையைக் குறிக்கும் ‘பூல்’ (பூலியன்) என்ற சொல்லும் இருக்கும். கடைசி உள்ளீட்டை விட்டுவிடலாம் என்பதும், வேலை நடந்ததா இல்லையா என்பதை மட்டுமே அது திருப்பித் தரும் என்பதும் அந்த வரியிலிருந்து தெரிகிறது. ஏன் நடக்கவில்லை என்று அது சொல்லப்போவதில்லை.

அந்த வரி சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது: ஃபிரேம் எண்ணை எங்கிருந்து எண்ணுவது? நொடிக்கு 25 ஃபிரேம் உள்ள டைம்லைன் ஒன்று வழக்கம்போல 01:00:00:00 என்ற டைம்கோடில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கிளிப்பிடம் ‘கெட்ஸ்டார்ட்’ என்று கேட்டால் 90000 என்று பதில் வரும். ஒரு மணி நேரத்தின் 3600 நொடிகளை 25-ஆல் பெருக்கினால் கிடைக்கும் எண் அது. அந்த எண்ணை அப்படியே ஆட்மார்க்கருக்குக் கொடுத்தால், டைம்லைனின் தொடக்கத்திலிருந்து இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப் போய் மார்க்கர் வைக்கச் சொன்னதாகிவிடும். ஏனென்றால் மார்க்கர் கட்டளை டைம்லைனின் முதல் ஃபிரேமைச் சுழியமாகக் கொண்டு எண்ணுகிறது. கிளிப் கட்டளையோ டைம்கோடையும் சேர்த்து எண்ணுகிறது. ஆகவே கிளிப்பின் தொடக்கத்திலிருந்து டைம்லைனின் ‘கெட்ஸ்டார்ட்ஃபிரேம்’ தரும் எண்ணைக் கழித்துவிட்டுத்தான் மார்க்கருக்கு அனுப்ப வேண்டும். அதே ஃபிரேமில் ஏற்கெனவே ஒரு மார்க்கர் இருந்தாலும் கட்டளை பொய் என்றே திரும்பும்.

இத்தகைய விவரங்களை எந்த ஆவணத்திலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. கையால் ஒரு மார்க்கரை வைத்துவிட்டு, ‘கெட்மார்க்கர்ஸ்’ கட்டளையால் அதைத் திரும்பப் படித்து, எந்த எண் வருகிறது என்று பார்ப்பதுதான் நேர்வழி. எழுதும் கட்டளை புரியாதபோது அதன் ஜோடியான படிக்கும் கட்டளையை ஓட்டிப் பாருங்கள் என்பதை ரிசால்வ் விஷயத்தில் ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

புராஜெக்ட் அமைப்புகளின் பெயர்கள் முழுவதும் ரீட்மீயில் இல்லையே?

இல்லை, ஆனால் அவற்றை மென்பொருளிடமே கேட்டு வாங்கும் வழியை ரீட்மீ சொல்கிறது. ‘கெட்செட்டிங்’ கட்டளையைப் பெயர் எதுவும் கொடுக்காமல் வெறுமையாக அழைத்தால், அந்தப் புராஜெக்டில் கேட்டறியக்கூடிய எல்லா அமைப்புகளின் பெயரும் அவற்றின் தற்போதைய மதிப்பும் மொத்தமாக வந்து விழும். கிளிப்களுக்கு ‘கெட்கிளிப்பிராப்பர்ட்டி’ கட்டளையும் இவ்வாறே வேலை செய்கிறது. எந்த அமைப்புக்கு என்ன பெயர் என்று தெரியாவிட்டால், முதலில் முழுப் பட்டியலை எடுத்து ஒரு கோப்பில் சேமியுங்கள். பிறகு மெனுவில் அந்த அமைப்பைக் கையால் மாற்றிவிட்டு மறுபடியும் எடுங்கள். இரண்டையும் ஒப்பிட்டால் மாறியிருக்கும் வரிதான் நீங்கள் தேடியது.

இலவசப் பதிப்பில் ஸ்கிரிப்ட் ஓடுமா?

மென்பொருளுக்குள்ளிருந்து ஓட்டினால் ஓடும். ஒர்க்ஸ்பேஸ் மெனுவில் உள்ள கன்சோலில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யலாம். ரிசால்வின் காட்சி விளைவுப் பகுதியான ஃபியூஷனின் கோப்புறைக்குள் ஸ்கிரிப்ட்ஸ், அதற்குள் யுடிலிட்டி என்ற இடத்தில் கோப்பைப் போட்டுவைத்தால், ஒர்க்ஸ்பேஸ் மெனுவின் ஸ்கிரிப்ட்ஸ் பகுதியில் அது எல்லாப் பக்கங்களிலும் தெரியும். டெர்மினலிலிருந்தோ வேறொரு நிரலிலிருந்தோ ரிசால்வை இயக்குவதற்குத்தான் காசு கொடுத்து வாங்கும் ஸ்டுடியோ பதிப்பு தேவைப்படுகிறது.

எல்லாம் சரியாக எழுதியும் ‘நன்’ என்றுதான் பதில் வருகிறது. ஆவணத்தில் இதற்கு விளக்கம் இல்லை.

நன் என்பது ‘எதுவும் இல்லை’ என்பதற்கான பைத்தான் சொல். இரண்டு வெவ்வேறு சிக்கல்களுக்கு இதே பதில் வருவதால் குழப்பம் ஏற்படுகிறது.

ரிசால்வ் என்ற முதல் பொருளே நன் என்று வந்தால், இணைப்பே கிடைக்கவில்லை என்று பொருள். மென்பொருள் திறந்திருக்கிறதா, அது ஸ்டுடியோ பதிப்புதானா, பிரிஃபரன்சஸில் சிஸ்டம் பகுதியின் ஜெனரல் பிரிவில் எக்ஸ்டர்னல் ஸ்கிரிப்டிங் என்பது லோக்கல் என்று வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ரீட்மீயின் தொடக்கத்தில் சொல்லப்படும் மூன்று சூழல் மாறிகளில் (ஸ்கிரிப்டிங் கோப்புகள் எங்கே உள்ளன என்று சொல்லும் கணினி அமைப்புகள்) ஏதேனும் ஒன்று தவறாக இருந்தால், பெரும்பாலும் இந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே, மாட்யூலை இறக்குமதி செய்யும்போதே பிழை வந்துவிடும். அந்தப் பிழைச் செய்தியில் ‘இம்ப்’ என்ற மாட்யூல் காணவில்லை என்று இருந்தால், காரணம் உங்கள் பைத்தான்தான். 2023 அக்டோபரில் வந்த பைத்தான் 3.12-இல் அந்தப் பழைய மாட்யூல் நீக்கப்பட்டுவிட்டது. ரிசால்வோடு முன்பு வந்த இணைப்புக் கோப்பு அதை நம்பி எழுதப்பட்டது. ரிசால்வைப் புதுப்பிப்பது, அல்லது 3.11 போன்ற முந்தைய பைத்தானில் ஓட்டுவது, இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள்.

இணைப்புக் கிடைத்த பிறகு, ‘நன் என்ற பொருளைக் கட்டளையாக அழைக்க முடியாது’ என்ற வகையில் பிழை வந்தால், நீங்கள் எழுதிய கட்டளை உங்கள் பதிப்பில் இல்லை அல்லது எழுத்துக்கூட்டல் தவறு. சாதாரணப் பைத்தான் பொருள் இல்லாத பெயரைக் கேட்டால் உடனே மறுத்துவிடும். ரிசால்வின் பொருள்களோ எந்தப் பெயரைக் கேட்டாலும் மறுக்காமல் நன் என்று தந்துவிடுகின்றன. இந்தக் குணத்தையே நமக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். கட்டளையின் பெயரை அடைப்புக்குறி இல்லாமல் கன்சோலில் அச்சிட்டுப் பாருங்கள். நன் என்று வந்தால் அது உங்கள் பதிப்பில் இல்லை.

ஃபியூஷன் பக்கத்துக்கும் இதே ரீட்மீதானா?

இல்லை, அது தனி உலகம். ஃபியூஷன் முதலில் ஐயான் சாஃப்ட்வேர் என்ற கனடா நிறுவனத்தின் தயாரிப்பு. 2014-இல் பிளாக்மேஜிக் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2018-இல் வந்த ரிசால்வ் 15-இல்தான் ஃபியூஷன் ஒரு பக்கமாகச் சேர்ந்தது. எனவே அதன் ஸ்கிரிப்டிங் மொழியும் பொருள்களும் ரிசால்வின் கட்டளைகளைவிட மூத்தவை, மிகவும் விரிவானவை. ஃபியூஷன் 8 காலத்தில் வெளியான ஸ்கிரிப்டிங் வழிகாட்டி பிடிஎஃப் பழையதாக இருந்தாலும், நோடுகள், உள்ளீடுகள், கீஃபிரேம்கள் ஆகியவற்றுக்கு இன்றும் அதையே நாட வேண்டியிருக்கிறது. டெவலப்பர் கோப்புறையில் ஃபியூஸ் எனப்படும் ஃபியூஷன் செருகுநிரல்களை எழுதுவதற்கும், டிசிடிஎல் எனப்படும் வண்ண மாற்ற நிரல்களுக்கும் தனித்தனி ஆவணங்கள் உண்டு. அவற்றை ஸ்கிரிப்டிங் ஆவணம் என்று எண்ணிப் படிக்கத் தொடங்கினால் தலை சுற்றும்.

அடோபி பிரீமியர் புரோவுக்கு எங்கே பார்ப்பது?

பிரீமியரில் நிலைமை நேர்மாறு: ஆவணம் இணையத்தில்தான் இருக்கிறது, அதுவும் பல இடங்களில் சிதறி. பிரீமியரின் பழைய ஸ்கிரிப்டிங் மொழியான எக்ஸ்டென்ட்ஸ்கிரிப்டுக்கு, பயனர்கள் சேர்ந்து பராமரிக்கும் ‘டாக்ஸ் ஃபார் அடோபி’ தளத்தில் உள்ள வழிகாட்டியே படிக்க எளிது. அதைவிட உதவுவது, கிட்ஹப்பில் அடோபியே வைத்திருக்கும் ‘பிபுரோபேனல்’ என்ற மாதிரி. இறக்குமதி, மார்க்கர், ஏற்றுமதி என்று பிரீமியரில் செய்யக்கூடிய பெரும்பாலான வேலைகளுக்கு அதில் ஓடக்கூடிய ஃபங்ஷன் ஒன்று இருக்கிறது. இப்போது அடோபி யூஎக்ஸ்பி என்ற புதிய அமைப்புக்கு மாறி வருவதால், நீங்கள் படிக்கும் பக்கம் எந்த அமைப்புக்கானது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்; இரண்டின் கட்டளைகளையும் கலந்து எழுதினால் எதுவும் ஓடாது.

எக்ஸ்டென்ட்ஸ்கிரிப்ட் 1999-இல் வரையறுக்கப்பட்ட எக்மாஸ்கிரிப்ட் 3 என்ற ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையை அடிப்படையாகக் கொண்டது. இன்றைய ஜாவாஸ்கிரிப்ட் பாடங்களில் கற்ற ‘லெட்’, அம்புக்குறி ஃபங்ஷன், ‘ஜேசன்’ பொருள் ஆகியவை அதில் இல்லை. பழைய பாடங்கள் பரிந்துரைக்கும் எக்ஸ்டென்ட்ஸ்கிரிப்ட் டூல்கிட் 32-பிட் மென்பொருள் என்பதால், 2019-இல் வந்த மேக் கேட்டலினா முதல் அங்கே திறக்காது; விஎஸ் கோடுக்கான டிபக்கர் நீட்சிதான் அதற்கு மாற்று.

‘கியூஇ’ என்ற பெயரில் தொடங்கும் கட்டளைகள் சில ஸ்கிரிப்ட்களில் தென்படும். அவை அடோபியின் உள்வேலைக்கானவை; அதிகாரபூர்வ ஆவணமோ ஆதரவோ கிடையாது. எந்தப் பொருளிலும் ‘ரிஃப்ளெக்ட்’ என்பதைக் கேட்டால் அதன் கட்டளைப் பெயர்கள் கிடைக்கும் என்பது எக்ஸ்டென்ட்ஸ்கிரிப்டின் சிறப்பு. கியூஇ-யைத் துழாவியவர்களும் அப்படித்தான் துழாவினார்கள். வாடிக்கையாளர் வேலைக்கு அதை நம்பி இறங்குவது உசிதமல்ல என்பது என் கருத்து.

பிரீமியரின் நேர மதிப்புகள் ஏன் இவ்வளவு பெரிய எண்களாக வருகின்றன?

பிரீமியர் ஒரு நொடியை 25,401,60,00,000 டிக்குகளாகப் பிரிக்கிறது. இந்த விசித்திரமான எண்ணுக்குக் காரணம் உண்டு. நொடிக்கு 24, 25, 30 ஃபிரேம்களும், 29.97-உம், 44,100, 48,000 ஆகிய ஒலி மாதிரி வீதங்களும் மீதியில்லாமல் இதற்குள் அடங்குகின்றன. 25 ஃபிரேம் டைம்லைனில் ஒரு ஃபிரேம் 1,016,06,40,000 டிக்குகள். 48,000 வீதத்தில் ஒலியின் ஒரு மாதிரி 52,92,000 டிக்குகள். தசமத்தில் நொடியைக் கொடுத்துக் கணக்குப் போட்டால் ஒரு ஃபிரேம் முன்பின் விழுவதையும், டிக்குகளில் போட்டால் அந்தச் சிக்கல் வராததையும் விரைவில் காண்பீர்கள். டிக்குகள் எழுத்துச் சரமாகவே கையில் வரும். கூட்டுவதற்கு முன் எண்ணாக மாற்றுங்கள்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்?

அதன் வழிகாட்டியும் டாக்ஸ் ஃபார் அடோபியில் உள்ளது. இந்தப் பக்கத்தில் பேசப்படுபவற்றில் மிக நன்றாக எழுதப்பட்டது அதுதான் என்பேன். எக்ஸ்பிரஷன் (ஒரு பண்பின் மதிப்பைக் கணக்கிடும் சிறு நிரல்) வேறு, ஸ்கிரிப்ட் வேறு. இரண்டுக்கும் தனித்தனி ஆவணங்கள். எஃபெக்டுகளைத் திரையில் தெரியும் பெயரால் அழைக்காமல் ‘மேட்ச்நேம்’ எனப்படும் உட்பெயரால் அழைத்தால், மென்பொருளின் மொழி மாறினாலும் ஸ்கிரிப்ட் ஓடும்.

பிளெண்டரின் வீடியோ எடிட்டரையும் ஸ்கிரிப்ட் வழியாக இயக்கலாமா?

இயக்கலாம். ஆவணம் தேடும் தொல்லை மிகக் குறைந்த மென்பொருளும் இதுவே. பிரிஃபரன்சஸில் பைத்தான் டூல்டிப்ஸ், டெவலப்பர் எக்ஸ்ட்ராஸ் இரண்டையும் இயக்கிவிட்டால், எந்தப் பொத்தானின் மேல் சுட்டியை நிறுத்தினாலும் அதன் பைத்தான் பெயர் தெரியும். வலது சொடுக்கினால் இணைய ஆவணத்தின் உரிய பக்கத்துக்கே போகலாம். நீங்கள் செய்யும் செயல்களில் பெரும்பாலானவை இன்ஃபோ எடிட்டரில் பைத்தான் வரியாக எழுதப்பட்டுக்கொண்டே வரும். பதிப்பு 4.4-இல் ‘சீக்வென்சஸ்’ என்று இருந்தது ‘ஸ்ட்ரிப்ஸ்’ என்று பெயர் மாறியிருப்பதால், பழைய பாடங்களைப் படிக்கும்போது அதை நினைவில் வையுங்கள்.

வேகஸ் புரோ, ஃபைனல் கட் புரோ, கேடென்லைவ் ஆகியவற்றுக்கு?

வேகஸில் சி ஷார்ப் மொழியில் எழுதலாம். 2016-இல் மென்பொருள் சோனியிடமிருந்து மேஜிக்ஸுக்குக் கைமாறியபோது, பதிப்பு 14 முதல் ‘சோனி.வேகஸ்’ என்ற பெயர்வெளி ‘ஸ்கிரிப்ட்போர்ட்டல்.வேகஸ்’ ஆனது, இணையத்தில் கிடைக்கும் பழைய ஸ்கிரிப்ட்கள் பல, அந்த ஒரு வரியை மாற்றியதும் ஓடிவிடுகின்றன. ஃபைனல் கட்டில் இத்தகைய ஸ்கிரிப்டிங் இல்லை. புராஜெக்டை எழுத்து வடிவில் விவரிக்கும் எஃப்சிபிஎக்ஸ்எம்எல் கோப்பை வெளியே எடுத்து, திருத்தி, உள்ளே அனுப்புவதே வழி; ஆப்பிளின் டெவலப்பர் தளத்தில் அந்த வடிவத்தின் விளக்கம் இருக்கிறது. கேடென்லைவ் எம்எல்டி என்ற கட்டமைப்பின் மேல் நிற்கிறது. டெர்மினலில் ‘மெல்ட்’ கட்டளைக்கு ‘கொயரி’ என்ற தெரிவைக் கொடுத்து ஃபில்ட்டர்களின் பட்டியலைக் கேட்டால், ஆவணத்தை அதுவே தந்துவிடும்.

கிளிப் பெயரும் சப்டைட்டிலும் தமிழில் இருந்தால் ஸ்கிரிப்ட் தடுமாறுமா?

பைத்தான் 3-உம் ரிசால்வும் தமிழ்ப் பெயர்களைத் தாங்கிக்கொள்ளும். தடுமாறுவது பெரும்பாலும் விண்டோஸின் கட்டளைச் சாளரமும் கோப்பைத் திறக்கும் வரியும்தான். கோப்பைத் திறக்கும்போது எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள், அல்லது ‘பைத்தான்யூடிஎஃப்8’ என்ற சூழல் மாறிக்கு 1 என்று மதிப்புக் கொடுங்கள். எக்ஸ்டென்ட்ஸ்கிரிப்டில் கோப்பைப் படிப்பதற்கு முன் அதன் ‘என்கோடிங்’ பண்பை யூடிஎஃப்-8 என்று வைக்க வேண்டும். விட்டுவிட்டால் வசனங்கள் பொருளற்ற குறிகளாக டைம்லைனில் வந்து நிற்கும்.

ஏஐ உரையாடிகளிடம் கேட்டால் போதாதா?

கேட்கலாம், ஆனால் அவை இல்லாத கட்டளைகளையும் தயங்காமல் எழுதித் தருகின்றன. ரிசால்வ் டைம்லைனில் ஒரு கிளிப்பை இரண்டாக வெட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். கேட்க இயல்பாக ஒலிக்கும் ஒரு பெயரோடு பதில் வரக்கூடும். ரிசால்வ் 18-இன் ரீட்மீயிலோ அப்படி ஒரு கட்டளையே இல்லை. அந்த வேலையைச் செய்ய, தொடக்க ஃபிரேமும் இறுதி ஃபிரேமும் கொடுத்து, ‘அப்பெண்ட்டுடைம்லைன்’ கட்டளையால் துண்டுகளைப் புதிதாக அடுக்க வேண்டும். ரீட்மீ முழுவதையும் உரையாடிக்கு ஒட்டிக் கொடுத்து, இதில் உள்ள கட்டளைகளை மட்டும் பயன்படுத்து என்று சொன்னால் கற்பனை வெகுவாகக் குறைகிறது. அப்போதும், மேலே சொன்னபடி, பெயரைக் கன்சோலில் அச்சிட்டுச் சரிபார்த்த பிறகே ஓட்டுங்கள்.

மென்பொருளைப் புதுப்பிக்கும்போது என்ன செய்ய வேண்டும்?

புதுப்பிக்கும் முன் டெவலப்பர் கோப்புறையின் நகலைப் பதிப்பு எண்ணோடு வேறிடத்தில் வையுங்கள்; புதிய நிறுவல் பழைய ரீட்மீயின் மேலேயே எழுதிவிடும். பிறகு இரண்டு ரீட்மீகளையும் விஎஸ் கோடிலோ வேறெந்த ஒப்பீட்டுக் கருவியிலோ அருகருகே திறந்தால், எந்தக் கட்டளைகள் புதிதாக வந்தன என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். கோப்பின் இறுதிப் பகுதியில், கைவிடப்பட்ட கட்டளைகள், ஆதரவு நிறுத்தப்பட்ட கட்டளைகள் என இரண்டு தனிப் பட்டியல்கள் உண்டு. முதல் பட்டியலில் இருப்பவை இன்னும் ஓடும். உதாரணமாக, புராஜெக்ட் பெயர்களை அகராதி வடிவில் தந்த பழைய கட்டளை அங்கே இருக்கிறது, பெயர்களைப் பட்டியலாகத் தரும் புதியது மேலே இருக்கிறது. உங்கள் ஸ்கிரிப்டில் உள்ள பெயர் ஏதேனும் இரண்டாவது பட்டியலுக்குப் போயிருந்தால், கையில் இருக்கும் வேலையை முடித்துக் கொடுக்கும் வரை அந்தக் கணினியில் பழைய பதிப்பையே வைத்திருங்கள்.